பொதிமாட்டுக்கு எத்தனை மைலேஜ்? – திருச்சி முற்றுகைக் கணக்கு

காடு மேடு ஏறுற வண்டி வாங்கப்போறவங்க ரெண்டு பேர் பேசிக்கிட்டா கவனிச்சுப் பாருங்க. அஞ்சாவது நிமிஷத்துல பேச்சு டேங்குக்கு வந்துடும். "டேங்க் எத்தனை லிட்டர்? ஃபுல் பண்ணா எவ்வளவு தூரம் போகும்?" 2020-ல் வந்த தார் 4x4-க்கு 57 லிட்டர். 2023-ல் வந்த ஜிம்னிக்கு 40 லிட்டர். இதை வைத்துக்கொண்டே ஒரு ராத்திரி பூராவும் சண்டை போடுவார்கள்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காகத் தயாரான வில்லிஸ் ஜீப்பின் டேங்க் 15 அமெரிக்க காலன். லிட்டருக்கு மாற்றினால் அதுவும் 57. நம்ம ஊர் போலீஸும் வனத்துறையும் ஓட்டித் தீர்த்த மாருதி ஜிப்ஸிக்கு (1985) 40. எஞ்சின் மாறிப்போச்சு, ஏசி வந்தாச்சு, தொடுதிரை வந்தாச்சு, டேங்க் மட்டும் அப்படியே நிக்குது. வில்லிஸ் ஒரு டேங்கில் சுமார் 300 மைல் போகும்னு கணக்கு. சுமை கால் டன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். "எவ்வளவு சுமக்கும், எதைத் தின்னும், எவ்வளவு தூரம் போகும்" என்கிற இதே கேள்வியை வைத்துக்கொண்டு திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் 1751 முதல் 1754 வரை ஒரு பெரிய யுத்தமே நடந்தது. இங்கிலீஷ் கம்பெனி, பிரெஞ்சுக் கம்பெனி, ஆற்காட்டு நவாபு பட்டத்துக்குப் போட்டியிட்ட ரெண்டு பேர், மைசூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மராட்டியர் என்று எல்லாரும் இருந்தார்கள். புத்தகங்கள் கிளைவின் வீரம், டூப்ளேயின் தந்திரம் என்று எழுதும். எனக்கென்னவோ அதுல நிஜமான கதாநாயகன் நாலு கால் டிரைவ் உள்ள ஒரு வண்டிதான் என்று தோணுது. அதாங்க, பொதிமாடு :-)

வண்டியின் அம்சங்கள்

இன்றைய ரிவ்யூ பாணியிலேயே பார்த்துவிடலாம்.

சுமை: நல்ல காளை ஒன்று முதுகில் சுமார் 100 கிலோ பொதி தூக்கும். வண்டியில் பூட்டினால் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். ஆனால் வண்டிக்குப் பாதை வேணும். பொதிமாட்டுக்குப் பாதையே வேணாம். வரப்பு, முள்ளுக்காடு, ஆற்று மணல் எல்லாத்திலும் நடக்கும்.

சேறு: குளம்பு ரெண்டாகப் பிளந்து இருப்பதுதான் விசேஷம். சேற்றில் வைக்கும்போது குளம்பு விரியும், எடுக்கும்போது சுருங்கும். காவிரிப் படுகை வயல்களில் குதிரை திணறுகிற இடத்தில் மாடு நிதானமாக நடந்து வெளியே வந்துவிடும். கெட்டியான தரைக்கு லாடம் அடித்துக்கொள்ளலாம்.

வேகம்: மணிக்கு மூணு கிலோமீட்டர். ஒரு நாளைக்குப் பதினைந்து, மிஞ்சிப்போனால் இருபது. இதுக்கு மேல தள்ளினா தள்ளினவனுக்குத்தான் நஷ்டம். மாட்டுக்கு மேயவும் நேரம் வேணும், மேய்ந்ததை அசைபோடவும் நேரம் வேணும். ராத்திரி பகலா ஓட்டினா நாலாம் நாள் படுத்துடும்.

எரிபொருள்: இங்கதான் குதிரையை மாடு ஜெயிக்குது. வேலை செய்யும் குதிரைக்குத் தினமும் கொள்ளு வேணும். மாடு வைக்கோலிலேயே காலம் தள்ளிவிடும். ஒரு நாளைக்கு ஆறு ஏழு கிலோ உலர்தீவனம் போதும். அறுப்பு முடிந்த ஊர் என்றால் ஒவ்வொரு களத்துமேட்டிலும் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிற மாதிரி.

டேங்க் எங்கே?

இப்போ ஒரு சின்னக் கணக்கு. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு சுமார் 55 கிலோமீட்டர். மாட்டு நடையில் நாலு நாள். போக வர எட்டு நாள்.

வழியெல்லாம் பச்சையாக, வைக்கோல்போரோடு இருந்தால் மாடு வழியிலேயே தின்றுகொள்ளும். 100 கிலோ ஏற்றினால் 100 கிலோவும் திருச்சிக்கு வந்து சேரும்.

வழியில் எல்லாத்தையும் எரித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நாளைக்கு ஏழு ஏழு கிலோ என்றால் 56 கிலோ தீவனத்தையும் அதே முதுகில்தான் ஏற்றணும். திருச்சிக்குப் போய்ச் சேருவது 44 கிலோ நெல். பாதிக்கு மேல் வண்டியே தின்றுவிட்டது!

இன்னும் நீட்டிப் பாருங்கள். 100 கிலோவும் தீவனமாகவே ஏற்றினால் பதினாலு நாள் ஓடும், அதாவது சுமார் 210 கிலோமீட்டர். போய்ச் சேரும்போது முதுகில் ஒன்றும் இருக்காது, திரும்பி வரவும் வழி இருக்காது. பொதிமாட்டின் உச்சபட்ச தூரம் அவ்வளவுதான்.

ஆக, இந்த வண்டியின் டேங்க் அதன் வயிற்றில் இல்லை, அது நடக்கிற ஊர்களில் இருக்கிறது. எதிரியின் வண்டியை நிறுத்த வேண்டுமா? மாட்டைச் சுட வேண்டியதில்லை. வழியில் இருக்கிற வைக்கோல்போருக்கு ஒரு கொள்ளி போதும். அந்தக் காலத்துத் தளபதிகள் எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது. நாலு வருஷம் திருச்சியைச் சுற்றி நடந்ததும் இதுதான்.

1752: ஸ்ரீரங்கத்தில் மாட்டிக்கொண்ட படை

பின்கதை சுருக்கமாக. 1749-ல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் செத்துப்போக, மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். 1751-ல் சந்தா சாகிப் பிரெஞ்சுப் படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டார். கவனத்தைத் திருப்ப கிளைவ் போய் ஆற்காட்டைப் பிடித்த கதை பள்ளிக்கூடத்திலேயே படிச்சிருப்பீங்க.

1752 மார்ச்சில் லாரன்ஸும் கிளைவும் திருச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி ழாக் லா பயந்துபோய் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய்விட்டார். போகிற அவசரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக முடியாத தானியத்தைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். வண்டியில் இடம் இல்லை, அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்கள் திருவானைக்காவல் கோயிலில், சந்தா சாகிப் ஆட்கள் ஸ்ரீரங்கம் கோயிலில் என்று தங்கினார்கள்.

பார்க்கும்போது நல்ல இடம்தான். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஏழு மதில் கோயில். பீரங்கிக்கும் பயமில்லை. ஆனால் ஒரு படையும் அதன் மாடுகளும் குதிரைகளும் தின்ன அந்தத் தீவில் எத்தனை நாளைக்கு இருக்கும்? பாண்டிச்சேரியிலிருந்து வரும் உணவு கொள்ளிடத்தின் வடகரை வழியாகத்தான் வரணும்.

கிளைவ் கோட்டையையும் தாக்கவில்லை, கோயிலையும் தாக்கவில்லை. நேராக சமயபுரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அதாவது பாண்டிச்சேரி ரோட்டில். பக்கத்தில் லால்குடியில் பிரெஞ்சுத் தரப்பு சேர்த்து வைத்திருந்த தானியத்தைப் பிடித்தாகிவிட்டது. அப்புறம் கொள்ளிடக் கரையில் பிச்சாண்டார்கோயில் கோட்டையும் போனது. பாண்டிச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த தோத்தேய் என்கிற தளபதி வாலிகண்டபுரம் பக்கம் சரணடைந்தார். ஜூன் 1752-ல் லாவும் சரணடைந்தார். தஞ்சாவூர்த் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் போன சந்தா சாகிப்பின் தலை போயிற்று.

ஸ்ரீரங்கத்தில் பெரிய சண்டை எதுவும் நடந்து இது முடியவில்லை. பங்க்கை மூடினார்கள், வண்டி நின்றது.

1753–54: அதே கணக்கு, ஆள் மாறாட்டம்

இப்போ பாத்திரங்கள் இடம் மாறுகின்றன. உதவிக்கு வந்தால் திருச்சியையே தருகிறேன் என்று மைசூர் நஞ்சராஜாவிடம் முகமது அலி வாக்குக் கொடுத்திருந்தார். ஜெயித்த பிறகு கையை விரித்துவிட்டார். கோபம் வராதா பின்னே? நஞ்சராஜா பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் சேர்ந்து ஸ்ரீரங்கத்தில் முகாம் போட்டார். கூடவே கூத்தி முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை.

இந்தத் தடவை பட்டினிக்கு ஆளானது திருச்சிக் கோட்டை. லாரன்ஸ் படைக்கு சாப்பாடு ரெண்டே திசையிலிருந்துதான் வர முடியும். ஒன்று தஞ்சாவூர், இன்னொன்று புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமை. ரெண்டும் பொதிமாட்டில்.

ஒரு மாடு மூணு மீட்டர் இடம் எடுக்கும் என்று வையுங்கள். ஆயிரம் மாடு ஒற்றை வரிசையில் போனால் மூணு கிலோமீட்டர் நீளம். அது நகர்வது மணிக்கு மூணு கிலோமீட்டர். முன்னால் போகும் மாடு ஒரு இடத்தைத் தாண்டி, கடைசி மாடு அதே இடத்துக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். நாலு பக்கமும் குதிரைப்படை சுற்றிக்கொண்டிருக்கிற சமவெளியில் இதைக் காப்பாற்றிக் கொண்டுவரணும். நூறு குதிரைக்காரன் நடுவில் பாய்ந்தால் போதும், மாடு மிரண்டு பொதியைத் தள்ளிவிட்டு நாலா பக்கமும் ஓடும்.

1753-ல் நடந்த பொன்மலைச் சண்டையை (ஆமாங்க, இப்போ ரயில்வே பணிமனை இருக்கிற பொன்மலைதான்) ஏதோ ஒரு பாறைக்காக நடந்த சண்டை என்று நினைக்கலாம். அந்தப் பாறை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் தெற்குச் சமவெளியைப் பார்க்கிறார். சமவெளியைப் பார்க்கிறவர்தான் மாட்டு வரிசையை நிறுத்துகிறார், அல்லது விடுகிறார். லாரன்ஸ் பொன்மலையைத் திரும்பப் பிடித்தது அதனால்தான்.

1754 பிப்ரவரியில் ஒரு பெரிய தொடர் திருச்சிக்கு வந்துகொண்டிருந்தபோது மைசூர், மராட்டியக் குதிரைப்படை பாய்ந்து மொத்தத்தையும் பிடித்துவிட்டது. காவலுக்கு வந்த ஐரோப்பிய கிரனேடியர்களில் சாகாதவர்கள் சிறைப்பட்டார்கள். எந்தக் கோட்டைச் சுவரும் இடியவில்லை. ஆனால் அந்த வருஷத்தில் கம்பெனிப் படைக்கு விழுந்த பெரிய அடி இதுதான். 1754 கடைசியில் டூப்ளே ஊருக்குத் திருப்பி அழைக்கப்பட்டு, சண்டை நிறுத்தம் வந்த பிறகுதான் திருச்சி மூச்சு விட்டது.

ஹைதர் அலி வாங்கிய டாப் மாடல்

இந்தத் திருச்சி யுத்தத்தில் மைசூர்ப் படையில் ஒரு தளபதி இருந்தார். பெயர் ஹைதர் அலி. இவர் ஊருக்குத் திரும்பிப் போய், பிறகு மைசூரையே ஆண்ட கதை தெரியும். வண்டி விஷயத்தில் அவரிடம் ஒரு பெரிய சொத்து சேர்ந்தது.

மைசூர் அரண்மனைக்கு ஒரு தனிக் கால்நடைத் துறையே இருந்தது. சிக்கதேவராஜ உடையார் (1673–1704) காலத்தில் அதுக்கு "பெண்ணெ சாவடி", அதாவது வெண்ணெய்த் துறை என்று பெயர். திப்பு பின்னால் அதை "அம்ரித் மகால்" என்று மாற்றினார். அந்தப் பெயரே மாட்டு இனத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. வெண்ணெய்க்காகத் தொடங்கியது பீரங்கி இழுக்கும் துறையாக வளர்ந்தது. மேய்ச்சலுக்கென்று "காவல்" என்ற பெயரில் தனி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. தேர்ந்தெடுத்த இனம், சொந்த மேய்ச்சல், பயிற்சி. வாடகை வண்டிக்கும் சொந்த வண்டிக்கும் இருக்கிற வித்தியாசம்தான்.

விளைவு? 1781 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் சிதம்பரம் கோயில் கோட்டையைத் தாக்கித் தோற்றார். தகவல் தெரிந்ததும் காவிரிப் பக்கம் இருந்த ஹைதர் புறப்பட்டார். இரண்டரை நாளில் 100 மைல் வந்து சேர்ந்தார் என்பது அம்ரித் மகால் மாடுகளைப் பற்றிச் சொல்லும் எல்லாரும் சொல்லும் கணக்கு. 160 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 64! சாதாரண மாடு போகும் தூரத்தைவிட மூணு நாலு மடங்கு, அதுவும் பீரங்கியோடு.

ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் சண்டை. ஜெயித்தது கூட்தான். ஆனால் ஹைதர் தன் பீரங்கிகளை எல்லாம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். துரத்த கூட்டிடம் மாடு இல்லை. சோற்றுக்கே கடலோரமாகக் கப்பல் பின்னால் வரணும் என்கிற நிலை. ஜெயித்தவன் நிற்கிறான், தோற்றவன் போகிறான். நல்ல வண்டி வைத்திருப்பதன் சௌகரியம் இதுதான்.

1790-ல் திப்பு மெடோஸ் படைக்குப் போக்குக் காட்டி ரெண்டு நாளில் 63 மைல் போனதும் இதே மாடுகளால்தான். அந்த டிசம்பரில் திப்பு ஸ்ரீரங்கம் தீவு வரை வந்துவிட, மெடோஸ் பின்னாலேயே திருச்சிக்கு வந்துகொண்டிருந்தார்.

எதிரியின் டேங்கைக் காலி செய்வதிலும் ஹைதர் கில்லாடி. 1780-ல் சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களை எரித்துத் தரைமட்டமாக்கினார். கொடூரம்தான், ஆனால் கணக்கு சரி. 100 கிலோ சுமந்து புறப்படும் கம்பெனி மாடு 44 கிலோவோடு போய்ச் சேரணும்.

கார்ன்வாலிஸ் கற்றுக்கொண்ட பாடம்

1791 மே மாதம் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வாசல் வரை போய்விட்டார். சண்டையிலும் ஜெயித்தார். ஆனால் மாடுகள் நோயிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. முற்றுகைப் பீரங்கி ஒன்று ரெண்டரை டன் இருக்கும். ஒன்றை இழுக்கவே முப்பது நாற்பது காளை வேணும், சேற்றில் மாட்டினால் பின்னால் முட்டித் தள்ள யானை வேணும். இழுக்க ஆளில்லாத பீரங்கிகளைத் தானே உடைத்துப்போட்டுவிட்டுத் திரும்பினார்.

அடுத்த வருஷம் அவர் ஜெயித்ததற்கு ஒரு முக்கியமான காரணம் லம்பாடிகள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளோடு ஊர் ஊராகத் தானியம் கொண்டுபோய் விற்கும் கூட்டம். மேய்ச்சல் எங்கே, தண்ணி எங்கே, எந்த மாசம் எந்த வழி என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வண்டியோடு பங்க் இருக்கும் மேப்பும் சேர்ந்து வந்த மாதிரி. 1799-ல் திப்பு விழுந்ததும் கம்பெனி மறக்காமல் எடுத்துக்கொண்ட சொத்துக்களில் அம்ரித் மகாலும் ஒன்று.

ஜீப்போடு ஒப்பிட்டால்

வில்லிஸ் ஜீப்பின் 57 லிட்டர் பெட்ரோல் எடை சுமார் 42 கிலோ. அதை வைத்து 480 கிலோமீட்டர். அதாவது 100 கிலோமீட்டருக்கு ஒன்பது கிலோ எரிபொருள். மாடு அதே தூரத்தைக் கடக்க ஏழு நாள், சுமார் 49 கிலோ தீவனம். தூக்குவதிலும் ஜீப் ரெண்டு மடங்குக்கு மேல். போட்டியே கிடையாது. மாடு காணாமல் போனதில் ஆச்சரியமும் இல்லை.

ஆனால் ஒன்றே ஒன்று. பெட்ரோல் லால்குடியில் விளையாது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காமல் நம்ம ஊர் பஸ்களின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி கரிவாயுவில் ஓட்டினார்கள், வயதானவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்பவும் மாட்டுவண்டி நிற்கவில்லை. 1944-ல் பிரான்சைத் தாண்டிப் பாய்ந்த ஜெனரல் பேட்டனின் டாங்கிகள் எதிரியால் நிற்கவில்லை, பெட்ரோல் வந்து சேராததால் நின்றன. சமயபுரத்தில் கிளைவ் உட்கார்ந்த கதையேதான், என்ன, அங்கே யாரும் சாலையை மறிக்கக்கூட இல்லை.

அதனால் டேங்க் அளவை மட்டும் வைத்து வண்டியை எடை போடுவது அரைக் கணக்கு என்பேன். பச்சமலை ஏறுகிறவருக்கு 57-ஆ 40-ஆ என்பது பெரிய விஷயமில்லை, துறையூரிலேயே நிரப்பிக்கொண்டு ஏறினாரா என்பதுதான் விஷயம். பேட்டரி வண்டி வாங்குகிறவர்கள் "அடுத்த சார்ஜர் எங்கே" என்று கேட்பதை நம்மாட்கள் கிண்டல் பண்ணுகிறார்கள். லாரன்ஸ் தினமும் கேட்டதும் அந்தக் கேள்விதான் :-)

இன்னொன்றும் சொல்லணும். அந்த வண்டிக்கு எரிபொருள் போட்டது யார்? கம்பெனி இல்லை, நவாபும் இல்லை. லால்குடி, சமயபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் குடியானவர்கள். ஒரு படை வந்தால் வைக்கோல்போர் போகும், இன்னொரு படை வந்தால் அது கையில் சிக்கக்கூடாது என்று முதல் படையே மிச்சத்தைக் கொளுத்தும். உழவுமாட்டையும் பொதிக்குப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த ஆடியில் ஏரில் எதைக் கட்டுவது? நாலு வருஷ முற்றுகைக் கதையில் கிளைவ் உண்டு, டூப்ளே உண்டு, இவர்களில் ஒருத்தர் பேர்கூட இல்லை. அடுத்த தடவை சமயபுரம் போகும்போது டோல்கேட் பக்கம் வண்டியை நிறுத்தி டேங்கை நிரப்பினால், கொள்ளிடம் இருக்கிற திசையை ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க. அந்தக் கரையில்தான் ஒரு காலத்தில் ஊர்க்காரன் சோற்றை ஊற்றி டேங்கை நிரப்பினார்கள்.